"இருத்தல், பார்வை" என்று எழுதித் தப்பிக்கிறோமா? ஜியாகோமெட்டியை வைத்து ஒரு கேள்வி

கரித்துண்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு சின்ன ஓவியக் கண்காட்சி வைக்கிறோம். "ஏன் வரைகிறேன்" என்று ஆளுக்கு அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மற்ற ஆறு பேரும் கொடுத்துவிட்டார்கள், நான்தான் பாக்கி. எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று வாங்கிப் படித்தேன். ஆறிலும் "இருத்தல்" வருகிறது. நாலில் "புலனுணர்வு". ஒருவர் வரைவது வாழைத்தார். அதிலும் இருத்தலின் வெறுமை தொங்குகிறதாம். சிரித்துவிட்டு என்னுடைய பழைய கூற்றுகளை எடுத்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

இந்த இரண்டு சொல்லையும் கூசாமல் சொல்லத் தகுதியுள்ள ஆள் யார் என்று யோசித்தபோது சிற்பி ஆல்பெர்ட்டோ ஜியாகோமெட்டிதான் நினைவுக்கு வந்தார். ஆனால் அவர் சொன்ன காரணம் அவ்வளவு பெரிதாக இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் தலையைக் கண்ணுக்குத் தெரிகிறபடி செய்ய வேண்டும்; முடியவில்லை; ஏன் முடியவில்லை என்று தெரிந்துகொள்ள மறுபடி செய்கிறேன். பேட்டிகளில் திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்கிறார்.

நாம் அவரைப் பற்றிப் படித்ததோ வேறு. போர் முடிந்த ஐரோப்பா, வதைமுகாம், தனிமனிதனின் தவிப்பு, அதனால் மெலிந்த உருவங்கள். கல்லூரியில் எனக்குச் சொல்லித்தந்தது இதுதான். நானும் பத்து வருடமாகப் பிள்ளைகளுக்கு இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் சொன்ன காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? இல்லை, கலைஞன் தன்னைப் பற்றிச் சொல்வது எப்போதும் பாதிப் பொய்தானா?

சும்மாவந்தவன்

பாதி என்ன பாதி, முழுசே. 2010 பிப்ரவரியில் லண்டன் ஏலத்தில் அவருடைய 'நடக்கும் மனிதன்' 6.5 கோடி பவுண்டுக்குப் போனது. 2015-இல் 'சுட்டிக்காட்டும் மனிதன்' 14 கோடி டாலரைத் தாண்டியது. 1998-இல் வந்த சுவிஸ் நூறு பிராங்க் நோட்டில் அவர் முகம். தலை சரியாக வரவில்லை என்று ஆயுசுக்கும் புலம்பியவருக்கு இந்த மரியாதை. "என்னால் முடியவில்லை" என்பதைவிட நல்ல விளம்பரம் உண்டா?

வெண்சுண்ணம்

அண்ணே, அவர் இறந்தது 1966 ஜனவரியில். நீங்கள் சொல்லும் ஏலமெல்லாம் நாற்பது வருடம் கழித்து. உயிரோடு இருந்தபோதும் கடைசிக் காலத்தில் நல்ல பணம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1926 கடைசியில் பாரிஸில் இப்போலித் மேந்த்ரோன் தெருவில் பிடித்த பட்டறையைச் சாகும்வரை விடவில்லை. இருபத்துச் சொச்சம் சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 250 சதுர அடி. விளம்பரத்துக்கு நாற்பது வருடம் சுண்ணாம்புத் தூசியில் யாரும் உட்காரமாட்டார்கள்.

"முடியவில்லை" என்பதை அவர் விற்பனைக்காகச் சொன்னாரா என்று பார்க்க, அதனால் அவர் எதை இழந்தார் என்று பார்க்கலாம். 1930-31 வாக்கில் 'தொங்கும் பந்து' என்ற சிற்பத்தால் சர்ரியலிஸக் குழுவில் (கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கிய இயக்கம்) அவருக்குப் பெரிய பெயர். கனவு, ஆசை, கூண்டுக்குள் பொருள்கள் என்று செய்துகொண்டிருந்தார். 1935-இல் திடீரென்று ஒரு மாடலை உட்காரவைத்துத் தலை செய்ய ஆரம்பித்தார். ரெண்டு வாரத்தில் முடித்துவிட்டு மறுபடி கற்பனைக்குத் திரும்பலாம் என்று நினைத்ததாக அவரே சொல்கிறார். குழுவின் தலைவர் ஆந்த்ரே ப்ரெத்தோனுக்கு அது துரோகமாகப் பட்டது. தலை என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியாதா என்று கேட்டாராம். வெளியே அனுப்பிவிட்டார்கள். நண்பர்கள் பலர் போனார்கள். ரெண்டு வார வேலை முப்பது வருடம் ஓடியது.

கரித்துண்டு

ப்ரெத்தோன் கேட்ட கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தலை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் பார்ப்பதில்லை.

ஒடியோலை

நான் சுவாமிமலைப் பக்கம் ஒரு பட்டறையில் எட்டு வருடம் மெழுகு வேலை செய்தவன். இப்போது வேறு பிழைப்பு. இந்த இழையை மூன்று முறை படித்தேன், எனக்கு நேர் எதிர்த்திசையில் ஒன்று தோன்றுகிறது.

எங்கள் வேலையில் தலை எப்படித் தெரிகிறது என்ற கேள்வியே எழாது. முதல் நாள் கையில் கொடுப்பது ஒரு தென்னை ஓலை நறுக்கு. செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து அளவு குறிப்போம். அதுதான் ஒடியோலை. உத்தம தச தாலம் (பெரிய சாமிகளுக்குரிய சிற்ப சாஸ்திர அளவுமுறை) என்றால் மொத்தம் 124 பங்கு. முகம் இத்தனை, கழுத்து இத்தனை, மார்பிலிருந்து தொப்புள் இத்தனை. அரையடி நடராஜருக்கும் ஆறடி நடராஜருக்கும் அதே பங்குதான். எதிரே யாரையும் உட்காரவைப்பதில்லை. சாமிக்கு மாடல் ஏது?

அதனால் ஒரு மனிதரை எதிரே உட்காரவைத்து முப்பது வருடம் "வரவில்லை வரவில்லை" என்று கலைத்த ஆளைப் பற்றி முதலில் கேள்விப்பட்டபோது, குரு கிடைக்காத பிள்ளை என்றுதான் நினைத்தேன். ஓலை இருந்திருந்தால் ஒரு மாதத்தில் முடித்திருப்பார்.

இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

தூரப்பார்வை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் ஒருவன் இங்கே பேசலாமா? நாள் முழுக்க ஆட்களை ஆறு மீட்டர் தூரத்தில் பலகையைப் படிக்கவைப்பதுதான் என் வேலை. அதில் நல்ல பார்வைக்குரிய வரியின் எழுத்து 9 மில்லிமீட்டர்கூட இருக்காது. எல்லோரும் "எழுத்து பெருசாத்தான் சார் இருக்கு, மங்கலா இருக்கு" என்பார்கள். உண்மையில் கண்ணுக்குள் விழுவது கடுகளவுகூட இல்லை. பெரிது என்று சொல்வது மூளை.

ஒரு சோதனை. ஒரு கையை முழுதாக நீட்டுங்கள், இன்னொரு கையை அதில் பாதித் தூரத்தில் வையுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத்தானே தெரிகிறது? கிட்டே இருப்பது கண்ணில் இரண்டு மடங்கு இடத்தை அடைக்கிறது. ஒற்றைக் கண்ணை மூடி ஒன்றின்மேல் ஒன்றைக் கொண்டுவந்து பாருங்கள், அப்போதுதான் நம்புவீர்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜியாகோமெட்டி பேரிக்காய் வரைந்த கதை யாருக்காவது தெரியுமா? எங்கோ அரைகுறையாகப் படித்தது.

வெண்சுண்ணம்

தெரியும் சார். அவருடைய அப்பா ஜியோவன்னி ஓவியர், சுவிட்சர்லாந்தில் நல்ல பெயர் உள்ளவர். பதினெட்டு பத்தொன்பது வயதில் ஆல்பெர்ட்டோ அப்பாவின் பட்டறையில் மேசைமேல் இருந்த பேரிக்காய்களை வரைகிறார். காகிதத்தில் அவை சின்னஞ்சிறிதாக வந்து விழுகின்றன. அழித்துவிட்டு வரைகிறார், மறுபடி சின்னது. அப்பாவுக்குக் கோபம்: இருக்கிறபடி போடேன், பார்க்கிறபடி போடேன்! பையன் பெரிதாக்கத்தான் பார்க்கிறான். ஆனால் அரை மணி நேரத்தில் அழித்து அழித்து, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் பழைய அளவுக்கே வந்து நிற்கிறான்.

தூரப்பார்வை

அதேதான். கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பேரிக்காய் 10 செ.மீ. மேசை 3 மீட்டர் தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். கை நீட்டும் தூரம் 60 செ.மீ. அங்கே ஒரு ஸ்கேலைப் பிடித்தால் பேரிக்காய் 2 செ.மீ. அவ்வளவுதான்! பையன் சரியாகத்தான் வரைந்திருக்கிறான். "இருக்கிறபடி", "பார்க்கிறபடி" இரண்டும் ஒன்று என்று அப்பா நினைத்துவிட்டார்.

செம்பருத்தி

இரண்டும் ஒன்றில்லை என்று தெரிந்த இடத்திலேயே அவருடைய வாழ்க்கை மாட்டிக்கொண்டது என்று சொல்லலாம் போலிருக்கிறதே.

பிற்பாடு நடந்தது இன்னும் வினோதம். 1948-இல் நியூயார்க்கில் பியேர் மத்தீஸ் (ஓவியர் மத்தீஸின் மகன்) அவருக்கு ஒரு கண்காட்சி வைத்தார். அதற்காக ஜியாகோமெட்டி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நமக்குத் தேவையான காரணமெல்லாம் அதில் இருக்கிறது. 1935-இலிருந்து ஐந்து வருடம் மாடலை வைத்து வேலை செய்கிறார். பார்க்கப் பார்க்கத் தலை புரியாத பொருளாகிறது. சரி, நினைவிலிருந்து செய்வோம் என்று ஆரம்பித்தால் உருவங்கள் சுருங்குகின்றன. அவருக்கே பயமாக இருந்திருக்கிறது. சின்னதாக இருந்தால்தான் ஜாடை வருகிறது. ஆனால் அந்தச் சின்ன அளவு சகிக்க முடியாததாக இருக்கிறது, மறுபடி தொடங்குகிறார், மறுபடி அதே. பல சமயம் கத்தியின் கடைசித் தீற்றலில் சிற்பம் தூளாகிப் போய்விடும்.

போர்க்காலத்தில் ஜெனீவாவில் ஒரு விடுதி அறையில் மூன்று வருடம் இப்படி. 1945-இல் பாரிஸ் திரும்பியபோது அத்தனை வருட உழைப்பைத் தீப்பெட்டிகளில் போட்டுக் கொண்டுவந்தார்.

சும்மாவந்தவன்

தீப்பெட்டி நல்ல கதை. மூன்று வருடம் வேலை செய்யாதவனும் இதையே சொல்லலாம்.

செம்பருத்தி

அந்தச் சிற்பங்களில் சில இன்னமும் இருக்கின்றன. ஊசி அளவு ஆள், கீழே அவனைவிடப் பல மடங்கு பெரிய பீடம். பீடத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று புரியும்.

தூரத்துக்கும் ஒரு கதை உண்டு. 1937 வாக்கில், நள்ளிரவில், பாரிஸின் சேன்-மிஷேல் பெருவீதியில் தூரத்தில் இசபெல் நிற்கிறாள். அவருக்குப் பிரியமான பெண், அவளும் ஓவியர். அவளுக்கு மேலே கட்டடங்களின் பிரம்மாண்டமான இருட்டு. அந்த அளவில் அந்தக் காட்சியைச் செய்ய முயன்றதுதான் சின்ன உருவங்களின் தொடக்கம் என்று அவர் பிற்பாடு சொன்னார்.

தூரப்பார்வை

நூறு மீட்டர் தூரத்தில் 170 செ.மீ. ஆள் நின்றால், நீட்டிய கையில் ஒரு செ.மீ. தீப்பெட்டிக்குள் தாராளமாகப் போவாள் 🙂

மரப்பாச்சி

எல்லோரும் ஒரே பக்கம் ஓடுகிறீர்கள். ஒரு ஓட்டை இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

எல் கிரேக்கோ வரைந்த நீள நீளமான ஆட்களைப் பார்த்து, அவருக்குக் கண்ணில் கோளாறு, உலகமே நீளமாகத் தெரிந்திருக்கும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அந்த வாதம் நிற்காது. உலகம் நீளமாகத் தெரிந்தால் கித்தானும் நீளமாகத்தானே தெரியும்? இரண்டும் கழிந்து சரியான அளவில்தான் வரைந்திருப்பார்.

இங்கேயும் அதே. பத்து மீட்டர் தூரத்து மனிதன் சின்னதாகத் தெரிகிறான், சரி. ஆளுயரச் சிலை செய்து பத்து மீட்டரில் வைத்தால் அதுவும் அதே அளவு சின்னதாகத் தெரியப்போகிறது. பிறகு எதற்குச் சிலையையே சின்னதாகச் செய்ய வேண்டும்? "கண்ணுக்குத் தெரிகிறபடி" என்ற காரணம் இங்கே உடைகிறது.

இன்னொன்று. தூரம் உயரத்தையும் அகலத்தையும் ஒரே விகிதத்தில்தான் குறைக்கும். தீப்பெட்டிச் சிற்பத்தை அது விளக்கலாம். 1947-க்குப் பிறகு வந்த மெலிந்த உருவங்களை விளக்காது. 'நடக்கும் மனிதன்' 183 செ.மீ. உயரம், ஆனால் அகலம் ஒட்டடைக்குச்சி மாதிரி. எங்கிருந்து வந்தது அது?

கரித்துண்டு

அப்பா! இதற்குத்தான் இழை தொடங்கினேன். எனக்குப் பதில் தெரியவில்லை. காத்திருக்கிறேன்.

வெண்சுண்ணம்

மரப்பாச்சியின் முதல் கேள்விக்குப் பதிலை எதிர்பாராத ஆளிடம் கண்டேன். சார்த்தர், இருத்தலியல் பேசிய பிரெஞ்சுத் தத்துவவாதி. அதே 1948 கண்காட்சிக்கு அவர்தான் கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையால்தான் "இருத்தலியல் சிற்பி" என்ற முத்திரையே குத்தப்பட்டது. நானும் அதில் தவிப்பும் வெறுமையும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். உட்கார்ந்து படித்தால், அதில் பெரும்பகுதி தூரத்தைப் பற்றியது.

என் சொற்களில் சொல்கிறேன். ஓவியத்தில் தூரம் பூட்டியே இருக்கிறது. ஓவியத்தில் இருபது அடி தள்ளி நிற்கும் ஆள், நீங்கள் மூக்கைக் கித்தானில் ஒட்டினாலும் இருபது அடி தள்ளியேதான் நிற்பான். பழைய சிலை அப்படியில்லை. கிட்டே போகப் போக ஆள் பெரிதாகிறான், கடைசியில் ஆள் மறைந்து கல்லின் துளைகள் தெரிகின்றன. ஜியாகோமெட்டி ஓவியத்தின் தூரத்தைச் சிற்பத்துக்குள் கொண்டுவந்துவிட்டார் என்கிறார் சார்த்தர். அவர் செய்த ஆள் பத்தடி தள்ளி நிற்பவன் என்றால், நீங்கள் எவ்வளவு கிட்டே போனாலும் பத்தடி தள்ளியே நிற்பான்.

அதனால்தான் சிலை சின்னது. அவர் செய்தது மனிதனின் நகல் இல்லை, இங்கிருந்து பார்க்கும்போது அங்கே நிற்கும் மனிதன். இடையில் இருக்கும் காற்றையும் சேர்த்துச் செய்தார். ஆளுயரச் சிலையை எடுத்துப் பத்து மீட்டரில் வைத்தால் அந்தப் பத்து மீட்டர் காட்சிக்கூடத்துக்குச் சொந்தம். இவருடையதில் அது சிலைக்குச் சொந்தம்.

மரப்பாச்சி

ஒப்புக்கொள்கிறேன், நல்ல பதில். மெலிவு இன்னும் பாக்கி.

செம்பருத்தி

மெலிவுக்கு அதே கடிதத்தில் அவர் சொல்வது: நிறைய வரைந்ததன் பிறகு, இனி உயரமாகச் செய்வேன் என்று பிடிவாதமாக ஆரம்பித்தார். உயரம் வந்தது. ஆனால் அவரே ஆச்சரியப்படும்படி, நீளமாகவும் மெலிவாகவும் இருந்தால்தான் ஜாடை வந்தது. மெலிவு தன் விருப்பம் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. தடிமனாக வைத்துக்கொள்ளப் போராடியதாகவும், கை மெலிவாக்கிக்கொண்டே போனதாகவும்தான் சொன்னார்.

தூரப்பார்வை

மெலிவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இது என் ஊகம், அவர் சொன்ன காரணம் இல்லை.

கண்ணில் மிகத் துல்லியமாகப் பார்க்கும் இடம் நடுவில் ஒரு புள்ளிதான். வெளியே அது ஏறக்குறைய இரண்டு டிகிரிக் கோணம், கை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அகலம். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். அந்தக் கட்டைவிரல் அகலம் அவர் முகத்தில் 7 செ.மீ. மூடும். அதாவது இரண்டு கண்ணும்கூட அதற்குள் முழுசாக அடங்காது. அவர் கண்ணை உற்றுப் பார்த்தால் காதும் தோளும் மங்கல். நாம் கண்ணைச் சுழற்றிச் சுழற்றி முழு முகத்தைத் தைத்துக்கொள்கிறோம். சுழற்றாமல் ஒரே இடத்தை மணிக்கணக்கில் பார்க்கிற மனிதருக்கு அந்த நடுப்பட்டை மட்டும் மிஞ்சினால்? முன்னிருந்து பார்த்தால் கத்தி அலகு மாதிரி இருக்கும் அவருடைய தலைகள் எனக்கு அப்படித்தான் தெரிகின்றன.

வெண்சுண்ணம்

சார், உங்கள் ஊகத்துக்கு ஒத்தாசையாக ஒன்று: எதிரே இருப்பவரை முன்னிருந்து பார்த்தால் பக்கவாட்டை மறந்துவிடுகிறேன், பக்கவாட்டில் பார்த்தால் முன்முகத்தை மறந்துவிடுகிறேன் என்பார் அவர். ரோதேன் மாதிரியான பழைய சிற்பிகள் காற்றில் இருக்கும் ஒரு உருண்டையைச் சுற்றி வந்து அளந்து செய்தார்கள், அது தெரிந்ததைச் செய்வது, தெரிகிறதைச் செய்வது இல்லை என்பது அவர் எண்ணம்.

ஒடியோலை

வந்துவிட்டேன். இதைத்தான் சொல்ல இருந்தேன்.

அளந்து செய்வது எங்கள் வேலை. ஓலையை மடித்தால் சாமி வரும். அது சத்தியம், அதில் குறைவில்லை. ஆனால் எங்கள் வேலையிலும் அளவுக்குள் அடங்காத ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். வார்த்து, உடைத்து, அரத்தால் ராவி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் கண் திறப்போம். நல்ல நாள் பார்ப்பார்கள், பெரிய கைதான் உளி பிடிக்கும். அதுவரை அது வெண்கலம். எனக்கு எட்டு வருடத்தில் ஒருமுறைகூட அந்த உளி கிடைக்கவில்லை, அது வேறு கதை.

இந்த மனிதர் கண்ணில்தான் தொடங்கினார். பார்வை மட்டும் வந்துவிட்டால் மீதி உடம்பு தானாக வந்துவிடும் என்று நம்பினார். உயிருள்ளவனுக்கும் பிணத்துக்கும் வித்தியாசம் அந்தப் பார்வை ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் கடைசியில் வைத்துக்கொண்ட ஒரு நொடியை அவர் முதல் நாளே வைத்துக்கொண்டு, அதைத் தாண்டவே முடியாமல் நின்றார். ஓலை கொடுத்திருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. ஓலை முடிகிற இடத்தில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

கரித்துண்டு

ஒடியோலை ஐயா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

நீங்கள் பிணம் என்று சொன்னதால் ஒன்று கேட்கவேண்டும். இதுவரை நாம் பேசியதெல்லாம் கண், தூரம், கோணம். அப்படியானால் இருத்தல் எங்கே? வெறும் பார்வைப் பிரச்சினைதானா?

செம்பருத்தி

இல்லை அண்ணா. ஆனால் அதுவும் பார்வை வழியாகத்தான் உள்ளே வந்தது.

1921. அவருக்குப் பத்தொன்பது வயது. முன்பு இத்தாலியில் ரயிலில் பழக்கமான ஒரு வயதான டச்சுக்காரர், துணைக்கு வா என்று அழைத்ததால் கூடப் போகிறார். மலையூர் விடுதியில் அந்த மனிதருக்கு உடம்பு முடியாமல் போகிறது. வெளியே மழை. பையன் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கன்னம் ஒட்ட ஒட்ட மூக்கு நீண்டுகொண்டே போவதாகத் தெரிகிறது. அன்று இரவே அவர் இறந்துபோகிறார். அதற்குப் பிறகு ஜியாகோமெட்டி வாழ்நாள் முழுக்க விளக்கை அணைக்காமல்தான் தூங்கினார். 1947-இல் ஒரு கூண்டுக்குள் தொங்கும் தலை செய்தார். மூக்கு நீண்டு கூண்டுக்கு வெளியே வருகிறது.

அப்புறம் சினிமாக் கதை. போர் முடிந்த சமயம், பாரிஸின் மொன்பர்னாஸ் பகுதியில் ஒரு திரையரங்கில் செய்திப்படம் பார்த்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று திரையில் மனிதர்கள் இல்லை, தட்டையான துணியில் கறுப்பு வெள்ளைப் பொட்டுகள் அசைகின்றன. திரும்பிப் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்க்கிறார், அவர்கள் இதுவரை பார்த்தே இராத ஏதோ ஒன்றாக இருக்கிறார்கள். வெளியே வந்தால், தினமும் நடக்கிற தெரு முதல்முறை பார்ப்பதுபோல் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மௌனம். அதுவரை தான் உலகத்தைப் புகைப்படம் பார்க்கிற மாதிரிதான் பார்த்திருக்கிறேன் என்று அன்று தெரிந்தது என்கிறார்.

அதோடு பயமும் சேர்ந்தது. ஒரு உணவகத்தில் பரிமாறுபவர் அவரை நோக்கிக் குனிகிறார். வாய் பாதி திறந்திருக்கிறது. அந்தக் கணம் முன்னும் பின்னும் இல்லாமல் உறைந்துவிட்டதாகத் தெரிகிறது. உயிரோடு இருப்பவர்களின் தலை ஒரே சமயத்தில் உயிருள்ளதாகவும் செத்ததாகவும் தெரிய ஆரம்பிக்கிறது. சினிமாக் கதையைப் பிற்பாடு பேட்டிகளில் சொன்னார். மற்றதை 1946-இல் அவரே எழுதி ஒரு பத்திரிகையில் வெளியிட்டார்.

இதைப் படித்த பிறகு, "போரின் துயரத்தைக் காட்ட மெலிதாகச் செய்தார்" என்பது எனக்கு ரொம்பச் சப்பென்று ஆகிவிட்டது.

மரப்பாச்சி

கொஞ்சம் பொறுங்கள். இதெல்லாம் அவர் வாய்மொழி. 1921 இரவை அவர் எழுதியது கால் நூற்றாண்டு கழித்து. நினைவு தேய்ந்து தேய்ந்து வழவழப்பாகிவிடும், சொல்லச் சொல்ல இன்னும் நன்றாக வரும். அதோடு, 1945-இல் முகாம்களின் படங்கள் எல்லாச் செய்திப்படத்திலும் ஓடின. அவருடைய உருவங்களைப் பார்த்தவர்களுக்கு அது நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? கலைஞன் நினைக்காதது சிற்பத்தில் இருக்கக்கூடாது என்று சட்டமா?

வெண்சுண்ணம்

சட்டமில்லை. பார்ப்பவருக்குத் தெரிவது பார்ப்பவருடையது. ஆனால் இழையின் கேள்வி அவர் ஏன் செய்தார் என்பது. அதற்கு அவர் பேச்சைவிடப் பட்டறைப் பழக்கம் நல்ல சாட்சி.

1956-இல் வெனிஸ் கண்காட்சிக்காக நிற்கும் பெண்ணைச் செய்கிறார். ஒரே இரும்புக்கம்பி, ஒரே களிமண். காலையில் செய்வது, மாலையில் கலைப்பது. தம்பி டீகோ இடையிடையே பிளாஸ்டரில் அச்சு எடுத்து வைக்கிறார். ஒரே மண்ணின் பத்துப் பதினைந்து நிலைகள் அப்படித்தான் மிஞ்சின, அதில் ஒன்பது வெண்கலமாயின. எது இறுதி வடிவம்? எதுவும் இல்லை. டீகோ வராத நாளில் இருந்தது போயே போய்விட்டது. ஒரு கருத்தைச் சொல்லவேண்டும் என்று செய்பவர் கருத்து வந்த இடத்தில் நிறுத்துவார்.

அதே வருடம் யனைஹரா என்ற ஜப்பானியத் தத்துவப் பேராசிரியர் ஊர் திரும்பும் முன் சில நாள் மாடலாக உட்கார வந்தார். பயணத்தைத் தள்ளிப் போட்டு, தள்ளிப் போட்டு, ஊருக்குப் போய்விட்டு, மறுபடி கோடை விடுமுறைகளில் வந்து 1961 வரை இருநூறு தடவைக்கு மேல் உட்கார்ந்தார். ஒரு மனிதரின் முகத்துக்கு! கேட்டால் இன்னும் தொடங்கவே இல்லை என்பாராம்.

சும்மாவந்தவன்

இருநூறு தடவை உட்கார்ந்தவருக்குச் சிலை வைக்கவேண்டும்.

சரி, நான் தோற்றேன். விளம்பரத்துக்கு இவ்வளவு மெனக்கெட முடியாது. ஆனால் ஒரு சந்தேகம். இப்படி ஒரே தலையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் எதிரே உட்கார்ந்தவருக்கு என்ன லாபம்? மனைவி ஆனெட், தம்பி டீகோ, இவர்களெல்லாம் குளிரில் அசையாமல் எத்தனை வருடம்! இருத்தல் அவருக்கு, கால் மரத்துப்போவது அவர்களுக்கு.

செம்பருத்தி

இது நியாயமான கேள்வி. போருக்குப் பிறகு அவர் செய்தவற்றில் நடப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், பெண்கள் கைகளை ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறார்கள். அவருடைய சிற்பங்களில் எனக்கு உறுத்துவது அதுதான். பார்வையைப் பற்றிய ஆராய்ச்சி என்றால் பெண்ணின் பார்வைக்கு மட்டும் ஏன் நடை இல்லை? அவர் சொன்ன காரணங்களில் இதற்குப் பதில் இல்லை.

கரித்துண்டு

மன்னிக்கவும், ரெண்டு நாளாக வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கூற்று எழுதிக் கொடுத்தேன். "எதிரே இருப்பது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியவில்லை" என்று ஒரே வரி. அரைப் பக்கம் வேண்டும், மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னும் எழுதவில்லை.

அதற்குப் பதில் பேரிக்காய் சோதனை செய்துபார்த்தேன். பேரிக்காய் கிடைக்கவில்லை, கத்தரிக்காய். மூன்று மீட்டரில் மேசை, டேப் வைத்து அளந்தேன். தூரப்பார்வை சார் கணக்குப்படி 2 செ.மீ. வரவேண்டும். முதல் தடவை 9 செ.மீ. பத்து வருடம் ஓவியம் சொல்லிக்கொடுத்த கை! அழித்தேன். 8. அழித்தேன். 8.5. அன்றைக்கு விட்டுவிட்டேன்.

தூரப்பார்வை

😄 என் மகள் (பதினாலு வயது) 11 செ.மீ. போட்டாள். இவ்வளவு பெரிசாகவா தெரியுது என்று கேட்டேன். "கத்தரிக்காய் அவ்வளவுதானேப்பா இருக்கும்" என்றாள்.

ஒடியோலை

தம்பி, ஒரு கண்ணை மூடாதீர்கள். பென்சிலை நீட்டி அளக்கவும் வேண்டாம். அளந்தால் ஓலை வேலை ஆகிவிடும். சும்மா பாருங்கள்.

கரித்துண்டு

அப்படியே செய்தேன் ஐயா. இன்று காலை மூன்று மணி நேரம். 6, அப்புறம் 5.5, அப்புறம் என்னையறியாமல் 4. நாலு வந்தபோது வயிற்றில் ஒரு மாதிரி இருந்தது. கத்தரிக்காய் ரொம்பத் தூரத்தில் இருந்தது, அதைச் சுற்றி அறை பெரிதாக இருந்தது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியாக 3.2.

இன்னும் ரெண்டு நாள் கிடைத்தால் பார்க்கலாம். ஆனால் காம்பு வாட ஆரம்பித்துவிட்டது, வீட்டில் சாம்பாருக்குக் கேட்கிறார்கள்.